பம்ப் துவக்கும் அதற்கேற்ற ரவையும்: புதிதாக அறிய வருவோருக்கு

தம்பலகாமத்தில் வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் பன்றிப் பேச்சு தொடங்கும். பன்றிப் பேச்சு தொடங்கினால் துவக்குப் பேச்சும் வந்துவிடும். கந்தளாயிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் இதே கதைதான். இப்போது அந்தப் பேச்சில் கனடாவும் நோர்வேயும் சேர்ந்துவிட்டன. அங்கே அனுமதிப்பத்திரம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவர்களின் காணொளிகள் திருகோணமலைப் பொடியன்களின் கைபேசிக்கும் வருகின்றன. அவற்றில், குழலுக்குக் கீழுள்ள முன்பிடியை "சடக் சடக்" என்று இழுத்துத் தள்ளிச் சுடுகிற பம்ப் துவக்குத்தான் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது.

அதைப் பற்றிய பேச்சில் மூன்று பிழைகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பலமாகப் பம்ப் பண்ணினால் குண்டு வேகமாகப் போகும் என்பது ஒன்று. பம்ப் துவக்கு என்றாலே பன்னிரண்டு போர்தான், அதாவது ஈய உருண்டைகளைச் சுடும் ஷொட்கன்தான் என்பது இன்னொன்று. பெரிய ரவை, அதாவது பெரிய தோட்டா, போட்டால் எந்த மிருகமும் விழும் என்பது மூன்றாவது.

மூன்றாவது பிழை ஆபத்தானது. பொருந்தாத ரவையால் அடிபட்ட பன்றி வயலில் விழாமல், காயத்தோடு பற்றைக்குள் போய்ப் படுத்துவிடும். மறுநாள் விறகுக்கோ மாடு தேடியோ போகிறவர் அதற்கு முன்னால் போய் நிற்பார். ஒரு விலங்கு நாள்கணக்கில் துடித்துச் சாவதும், ஏதுமறியாத ஒருவர் அதன் கொம்பில் மாட்டுவதும் யாருக்கும் நடக்கக் கூடாத விஷயங்கள். துவக்கைத் தொட்டே பார்க்காதவருக்கும் விளங்கும்படி இதை எழுதுகிறேன். கையாளப் பழகுவது தகுதியான பயிற்றுநர் முன்னிலையில் நடக்க வேண்டிய வேலை.

இழுத்துத் தள்ளினால் பலம் கூடுமா?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துப் பாருங்கள். ஒரு கை குழாயைப் பிடித்திருக்க, மற்றக் கை பிடியை முன்னும் பின்னும் அசைக்கிறது. பம்ப் துவக்கிலும் கையின் அசைவு இதுதான். ஆனால் ஒற்றுமை அந்த அசைவோடு முடிந்துவிடுகிறது. சைக்கிள் பம்பில் ஒவ்வொரு அடியும் இன்னும் கொஞ்சம் காற்றை அமுக்கிச் சேர்க்கும். கூட அடித்தால் ரயர் கூட இறுகும். காற்றுத் துவக்குகளில் சில வகை உண்மையாகவே அப்படித்தான் வேலை செய்கின்றன. பலருடைய குழப்பம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

ரவை போட்டுச் சுடும் பம்ப் துவக்கில் காற்று எதுவும் அமுக்கப்படுவதில்லை. பலம் முழுவதும் ரவைக்குள் இருக்கும் மருந்தில்தான் இருக்கிறது. முன்பிடியை மெதுவாக இழுத்தாலும் வேகமாக இழுத்தாலும் குண்டு அதே வேகத்தில்தான் போகும். சுடாமலே இன்னொரு முறை இழுத்தால் நல்ல ரவை ஒன்று வெளியே விழுமே தவிர, உள்ளே எந்தப் பலமும் ஏறாது.

உள்ளே நடப்பது என்ன

சில பெயர்களை முதலில் தெரிந்துகொள்வோம். குண்டு பயணிக்கும் இரும்புக் குழாய் குழல். குழலின் பின்முனையில் ரவை உட்காரும் இடம் ரவை அறை. அந்த அறையைப் பின்னாலிருந்து மூடி நிற்கும் உருக்குத் துண்டு போல்ட். அடுத்தடுத்த ரவைகள் காத்திருக்கும் இடம் மகசின்.

சரி, ஒரு வெடி தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அறைக்குள் வெறுங்கோது மட்டும் இருக்கிறது. முன்பிடியைப் பின்னால் இழுக்கிறோம். முன்பிடியிலிருந்து புறப்படும் உருக்குச் சட்டங்கள் போல்ட்டோடு இணைந்திருக்கின்றன. இழுப்பின் முதல் சிறு தூரத்தில் போல்ட்டின் பூட்டுத் திறக்கிறது. மேலும் இழுக்க போல்ட் பின்னுக்கு வருகிறது. அதன் முகத்தில் உள்ள சிறு கொக்கி கோதின் விளிம்பைப் பிடித்து இழுத்து வந்து பக்கவாட்டில் எறிந்துவிடுகிறது. அதே அசைவில் உள்ளே இருக்கும் சுத்தியலும் மடங்கி, அடுத்த வெடிக்குத் தயாராகிறது. அப்புறம் முன்பிடியை முன்னால் தள்ளுகிறோம். மகசினின் வாயில் நிற்கும் புதிய ரவையை போல்ட் தள்ளிக்கொண்டு போய் அறைக்குள் ஏற்றுகிறது. கடைசி அசைவில் போல்ட்டின் தலை சுழன்று பூட்டிக்கொள்கிறது.

அந்தப் பூட்டில்தான் எல்லாம் இருக்கிறது. வேட்டை ரைபிளில் பரவலாகப் பயன்படும் .30-06 ரவை வெடிக்கும்போது அறைக்குள் எழும் உச்ச அழுத்தம், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,000 மடங்கு. பன்னிரண்டு போர் தோட்டாவில் அது ஏறத்தாழ 800 மடங்குதான். ரைபிளின் போல்ட் பூட்டாமல் இருக்கும்போது வெடி தீர்ந்தால், அந்த அழுத்தம் சுடுகிறவரின் முகத்தை நோக்கித் திரும்பும். அதனால்தான் பம்ப் ரைபிளின் போல்ட் தலையில் பல்போன்ற முனைகள் வைத்து, அவை குழலின் பின்பகுதிக்குள் சுழன்று மாட்டும்படி செய்கிறார்கள். போல்ட் முழுமையாக முன்னே வந்து பூட்டும்வரை விசையை அழுத்தினாலும் வெடிக்காது. பூட்டிய பின் வெடி தீரும்வரை முன்பிடி அசையாது. சுடாமல் ரவையை வெளியே எடுக்க வேண்டுமானால் விசைக்கு அருகில் அதற்கென ஒரு பொத்தான் உண்டு.

இந்த அமைப்பின் நன்மை, துவக்கைத் தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த ரவையை ஏற்றலாம் என்பது. தானியங்கித் துவக்கு ரவையின் வாயுவையோ பின்னுதைப்பையோ நம்பி இயங்குகிறது. இது கையை மட்டுமே நம்புகிறது. ரவை மென்மையானதா பலமானதா என்பது ஏற்றும் வேலையைப் பாதிக்காது. இடக்கைக்காரருக்கும் வசதி. குறை என்று பார்த்தால், பதற்றத்தில் பாதி இழுத்துத் தள்ளிவிடுவதுதான் பெரிய குறை. அப்படிச் செய்தால் கோது முழுமையாக வெளியே போகாது, அல்லது புதிய ரவை ஏறாது. இழுப்பதானால் கடைசிவரை இழுக்க வேண்டும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால், பம்ப் என்பது ரவையை ஏற்றி இறக்கும் ஒரு வழி மட்டுமே. எவ்வளவு பலமான துவக்கு, எந்த விலங்குக்கு ஏற்றது என்ற கேள்விகளுக்கு அந்தச் சொல்லில் பதில் கிடையாது.

ஷொட்கனும் ரைபிளும்

நம் மாவட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்குக் கையில் இருந்ததும் இருப்பதும் பெரும்பாலும் பன்னிரண்டு போர் ஷொட்கன்தான். அதனால் பம்ப் என்றதும் அதுவே நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. உலகில் அதிகம் விற்ற பம்ப் துவக்குகளும் ஷொட்கன்கள்தான். ஆனால் ரைபிளிலும் பம்ப் வகை உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிமார் போலவே இருக்கும்.

வேறுபாடு குழலின் உள்ளே இருக்கிறது. ஷொட்கனின் குழல் பொதுவாக வழுவழுப்பானது. பன்னிரண்டு என்ற எண்ணுக்கு, அந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல் என்பது பொருள். குழலின் உள் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். ஊரில் எல்லோரும் சொல்லும் எஸ்.ஜி. தோட்டாவுக்குள் எட்டு ஒன்பது பெரிய ஈய உருண்டைகள் இருக்கும். அவை குழலைவிட்டு வெளியேறியதும் விரியத் தொடங்கும். 30 மீற்றருக்கு அப்பால் எந்த உருண்டை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

ரைபிளின் குழலுக்குள் திருகுசுருளாகப் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை வெளியேறும் ஒற்றைக் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் குண்டு தலைகுப்புற விழாமல் நேராகப் போகிறது. 200 மீற்றரில் ஒரு மானின் நெஞ்சை நம்பிக்கையோடு குறிவைக்க முடிவது இதனால்தான்.

பம்ப் ரைபிள் எங்கிருந்து வந்தது

இது பெரும்பாலும் அமெரிக்க மரபு. கோல்ட் நிறுவனம் 1884 இல் லைட்னிங் என்ற பம்ப் ரைபிளை வெளியிட்டது. அக்காலத்துத் துவக்குகளில் மகசின், குழலுக்குக் கீழே நீளமான குழாயாக இருந்தது. அதில் ஒரு சிக்கல் இருந்தது: ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும்போது, பின்னாலுள்ள ரவையின் முனை முன்னாலுள்ள ரவையின் தீமூட்டும் பகுதியில் முட்டிக்கொண்டு நிற்கும். கூரான குண்டு போட்டால் பின்னுதைப்பின் அதிர்ச்சியில் மகசினுக்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் மொட்டை முனைக் குண்டுகளோடு காலம் தள்ள வேண்டியிருந்தது. 1912 இல் ரெமிங்டனின் 14 ஆம் மாதிரிக்காக ஜோன் பெடர்சன் ஒரு வழி கண்டார். மகசின் குழாயையே முறுக்கினார். உள்ளே ரவைகள் சற்றுச் சரிந்து கிடக்க, ஒன்றின் முனை மற்றதன் நடுவில் படாமல் விலகியது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1952 இல் ரெமிங்டன் வெளியிட்ட 760 கேம்மாஸ்டர், கழற்றி மாட்டும் பெட்டி மகசினோடு வந்தது. அந்தப் பழைய சிக்கலே இல்லாமல் போயிற்று. 1981 இல் 7600 அதன் இடத்தைப் பிடித்தது. பெரிய விலங்குகளைத் தானியங்கி ரைபிளால் வேட்டையாட அனுமதிக்காத பென்சில்வேனியா மாநிலத்தில் இவை வீட்டுக்கு வீடு புகுந்தன. விரைவாக இரண்டாவது வெடி வேண்டும், சட்டமும் மீறக் கூடாது என்றால் பம்ப் ரைபிள்தான் விடை.

ரவையின் நான்கு பகுதிகள்

இனிக் கட்டுரையின் கனமான பகுதிக்கு வருவோம். ரவை என்று இங்கே நான் சொல்வது முழு உருப்படியை. அதில் நான்கு பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் தாங்கும் பித்தளைக் கூடு கோது. கோதின் அடியில் ஊசி குத்தும் இடத்தில் இருந்து தீயைக் கிளப்பும் சிறு கிண்ணம் பிரைமர். உள்ளே எரிந்து வாயுவாக மாறும் தூள் மருந்து. வாயில் செருகியிருந்து, வெடித்ததும் பறந்துபோவது சன்னம்; மேலே குண்டு என்று சொன்னது இதைத்தான். விலங்கின் உடலைத் தொடுவது சன்னம் மட்டுமே. மற்ற மூன்றும் அதை அனுப்பிவைக்க இருப்பவை.

ரவைப் பெயரில் வரும் முதல் எண் பெரும்பாலும் சன்னத்தின் அல்லது குழலின் விட்டத்தைக் குறிக்கும். .308 என்றால் அங்குலத்தில் 0.308, மில்லிமீற்றரில் ஏறத்தாழ 7.8. .30-06 என்ற பெயரில் 30 என்பது விட்டம். 06 என்பது அமெரிக்க இராணுவம் அதை ஏற்றுக்கொண்ட 1906 ஆம் ஆண்டு. இந்த இரண்டும் ஒரே விட்டமுள்ள சன்னத்தையே அனுப்புகின்றன. ஆனால் .308 இன் கோது 51 மில்லிமீற்றர் நீளம், .30-06 இன் கோது 63 மில்லிமீற்றர். ஒன்றுக்குச் செய்த துவக்கில் மற்றதைப் போடக் கூடாது. குழலில் என்ன பெயர் பொறித்திருக்கிறதோ அந்தப் பெயருள்ள ரவை மட்டும்தான். இதில் "கிட்டத்தட்ட அதேதான்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

விட்டத்தை வைத்துப் பலத்தை அளக்கவும் முடியாது. போர்க் காலத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்திருந்த ரி-56 இன் ரவையும் 7.62 மில்லிமீற்றர் என்றே எழுதப்படுகிறது. நேட்டோ நாடுகளின் 7.62 ரவையும் அப்படித்தான். ஆனால் முதலாவது ஏறத்தாழ 2,000 யூல் சக்தியோடு புறப்படுகிறது. இரண்டாவது 3,300 யூலுக்கு மேல். ஒரே எண், சக்தி ஒன்றரை மடங்குக்கும் அதிகம்.

சக்தி எங்கிருந்து வருகிறது

பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த இயக்கசக்திச் சூத்திரம் இங்கே அப்படியே உதவும். திணிவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி. .30-06 இல் பரவலான ஒரு சன்னம் 11.7 கிராம், செக்கனுக்கு ஏறத்தாழ 820 மீற்றர் வேகத்தில் புறப்படும். கணக்குப் போட்டால் 3,900 யூலைத் தாண்டும். .243 வின்செஸ்டரில் 6.5 கிராம் சன்னம் செக்கனுக்கு 900 மீற்றர் வேகத்தில் போகும். ஏறத்தாழ 2,600 யூல். முயலுக்கும் இலக்குப் பயிற்சிக்கும் பயன்படும் .22 இல் 2.6 கிராம் சன்னம், செக்கனுக்கு ஏறத்தாழ 330 மீற்றர். 140 யூல் அளவுதான்.

வேகத்தை இரட்டித்தால் சக்தி நான்கு மடங்காகும். திணிவை இரட்டித்தால் இரண்டு மடங்கு மட்டும். அப்படியானால் இலேசான சன்னத்தை அதிவேகத்தில் அனுப்புவதுதான் சிறந்ததா? தாளில் அப்படித் தோன்றும். ஆனால் இலேசான சன்னம் எலும்பில் பட்டால் சிதறிப்போகலாம். உள்ளுறுப்புவரை போகாமல் தோலுக்குக் கீழேயே நின்றுவிடலாம். சக்தி எவ்வளவு என்ற கேள்வியோடு, அது உடலின் எந்த ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

இங்கே சன்னங்களின் நிறை பற்றி ஒரு குறிப்பு. ரவைப் பெட்டிகளில் அது கிரெய்ன் என்ற பழைய அலகில் இருக்கும். ஒரு கிரெய்ன் 0.065 கிராம். 150 கிரெய்ன் என்றால் 9.7 கிராம், 180 கிரெய்ன் என்றால் 11.7 கிராம்.

சுருங்கச் சொன்னால், ரவைப் பெயரிலுள்ள எண் விட்டத்தைச் சொல்கிறது. பலத்தை நிறையும் வேகமும் தீர்மானிக்கின்றன. அந்தப் பலம் பயனுள்ளதா என்பதைச் சன்னத்தின் அமைப்பு தீர்மானிக்கிறது.

சன்னம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது

ரவை வாங்கும்போது பலரும் பார்க்கத் தவறுவது இதைத்தான். என் பார்வையில் விட்டத்தையும் வேகத்தையும்விட இதுவே முக்கியம்.

இராணுவச் சன்னம் முழுவதும் செப்புக் கலவை உறையால் மூடப்பட்டது. 1899 இல் ஹேக் நகரில் நாடுகள் செய்துகொண்ட பிரகடனம், உடலுக்குள் விரியும் சன்னங்களைப் போரில் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையில் செய்யப்பட்ட விரியும் சன்னங்கள்தான் அந்த விவாதத்தின் நடுவில் இருந்தன. வேட்டையில் நிலைமை நேர்மாறானது. மூடிய சன்னம் விலங்கின் உடலைச் சிறு துளையாகக் கடந்து போய்விடும். விலங்கு ஓடிவிடும், பிறகு எங்கோ கிடந்து மெல்ல மெல்லச் சாகும். அதனால் இங்கிலாந்து உட்படப் பல இடங்களில் மானுக்கு விரியும் சன்னம் மட்டுமே சட்டப்படி செல்லும். போரில் இரக்கமற்றது என்று விலக்கப்பட்டது, வேட்டையில் இரக்கமாகிறது: சாவு செக்கன்களில் முடிந்துவிடுகிறது.

விரியும் சன்னத்தில் முனையில் ஈயம் வெளியே தெரியும், அல்லது ஒரு சிறு குழி இருக்கும். உடலுக்குள் நுழைந்ததும் முன்பகுதி காளான் வடிவில் விரிந்து, அகலமான பாதையை வெட்டிச் செல்கிறது. ஆனால் அளவுக்கு மீறி விரிந்தாலும் சிக்கல்தான். 1946 இல் ஜோன் நொஸ்லர் என்ற அமெரிக்கர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். மூஸ் என்பது வடநாட்டுக் காடுகளில் வாழும், குதிரையளவு உயரமுள்ள பெரிய மானினம். சேறு படிந்த அந்த விலங்கின் தோளில் பட்ட சன்னங்கள் உள்ளே போகாமல் உடைந்துவிட்டன. ஊர் திரும்பிய அவர், சன்னத்தின் நடுவில் ஒரு உலோகச் சுவர் வைத்து வடிவமைத்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னாலுள்ள பாதி உடையாமல் ஆழமாகப் போகும். பார்ட்டிஷன் என்ற அந்தச் சன்னம் இன்றும் விற்பனையில் இருக்கிறது.

முழுக்கச் செப்பால் செய்த சன்னங்களும் இப்போது பரவலாகி வருகின்றன. ஈயச் சன்னம் இறைச்சிக்குள் நுண்ணிய துணுக்குகளை விட்டுச் செல்கிறது. அதைத் தின்னும் கழுகுகளுக்கும் உண்ணும் மனிதருக்கும் அது நல்லதல்ல. கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈய ரவைகளை முற்றாகத் தடைசெய்துவிட்டது.

எந்த விலங்குக்கு எது

தொடக்கக் கேள்வி, விலங்கு எவ்வளவு பெரியது என்பதும் எலும்பும் தசையும் எவ்வளவு தடிப்பு என்பதும். குறி எப்போதும் ஒன்றுதான்: இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி. வட அமெரிக்க வெள்ளைவால் மானில் அது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம், ஏறத்தாழ 20 முதல் 25 சென்ரிமீற்றர். விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால் அந்த இடம் வரும். நேர் முன்னால் பார்த்து நிற்கும் விலங்கும், புட்டத்தைக் காட்டி ஓடும் விலங்கும் சுடுவதற்குரியவை அல்ல. எந்த ரவையும் அந்தத் தவறைச் சரிசெய்யாது.

முயல் போன்ற சிறு விலங்குக்கு .22 போதும், பெரிய ரவை போட்டால் உண்ண எதுவும் மிஞ்சாது. அதே .22 ஐ மானுக்கோ பன்றிக்கோ பயன்படுத்துவது கொடுமை. விழுந்த கதைகளை நாலு பேர் சொல்வார்கள். காட்டுக்குள் போய்ச் செத்தவற்றைப் பற்றிச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

மானுக்கு .243, .270, .308, .30-06 நான்கும் பொருந்தும். புதியவருக்கு .243 இன் இலேசான பின்னுதைப்பு பெரிய உதவி. தோள் வலிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சுடும் .30-06 காரரைவிட, நிதானமாகச் சுடும் .243 காரர் விலங்குக்கு நன்மை செய்கிறார். மானுக்கு .30-06 பயன்படுத்தினால் 150 கிரெய்ன் சன்னம் போதுமானது. சட்டங்களும் ஒரு கீழெல்லை வைத்திருக்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 விட்டமும், குழல் வாயில் 1,700 அடி-இறாத்தல், அதாவது ஏறத்தாழ 2,300 யூல் சக்தியும் வேண்டும். .22 ஏன் பக்கத்திலும் வர முடியாது என்பது இந்த எண்ணைப் பார்த்தாலே விளங்கும்.

காட்டுப்பன்றி தனி விஷயம். அதன் இதயமும் நுரையீரலும் மானைவிடத் தாழ்வாகவும் முன்னாலும் இருக்கின்றன. மானுக்குக் குறிவைக்கும் பழக்கத்தில் சுட்டால் வயிற்றில் படும். முதிர்ந்த ஆண் பன்றியின் தோளின் மேல் குருத்தெலும்பு போன்ற தடித்த கவசம் ஒன்றும் உண்டு. வேகமாக விரியும் இலேசான சன்னம் அங்கேயே செலவழிந்துபோகும். அதனால் .308 அல்லது .30-06 இல் 150 முதல் 180 கிரெய்ன் வரையான, உடையாத கட்டமைப்புள்ள சன்னம்தான் ஏற்றது.

மூஸ் 400 கிலோகிராமுக்கு மேல் போகும். அங்கே 180 கிரெய்ன் .30-06 நல்ல தொடக்கம். ரெமிங்டனின் 7600 பம்ப் ரைபிளில் .35 வேலன் என்ற பெரிய சன்னமுள்ள ரவையும் கிடைத்தது. இன்னும் பெரிய மக்னம் ரவைகள் வேண்டுமா என்று கேட்டால், தொடக்கநிலையாளருக்கு வேண்டாம் என்பேன்.

தூரமும், குறிக்குப் பின்னால் இருப்பதும்

சன்னம் நேர்கோட்டில் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். குழலைவிட்டு வெளியேறிய கணத்திலிருந்தே அது கீழே விழத் தொடங்குகிறது. 100 மீற்றரில் குறி சரியாகப் பொருந்தும்படி அமைத்த .30-06, 200 மீற்றரில் அரைச் சாண் அளவும், 300 மீற்றரில் அரை மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் தாழ்ந்து படும். மானின் குறியிடத்தின் அகலத்தோடு இதை ஒப்பிட்டால், தொலைவிலிருந்து சுடுவது எவ்வளவு எளிதில் காயப்படுத்துவதில் முடியும் என்று தெரியும். பம்ப் ரைபிள் நெருக்கமான காட்டுக்குத்தான் பொருந்தும். 150 மீற்றருக்குள் நின்றுகொள்வது நல்லது.

தவறிய சன்னத்தையும் நினைக்க வேண்டும். .30-06 சன்னம் தடையில்லாவிட்டால் நான்கு கிலோமீற்றருக்கு அப்பாலும் போகும். சாதாரண .22 கூட ஒன்றரைக் கிலோமீற்றர் போகும். எஸ்.ஜி. உருண்டைகள் சில நூறு மீற்றரில் ஓய்ந்துவிடும். தம்பலகாமம் போன்ற தட்டையான வயல்வெளியில், ஒரு வரம்பில் நின்று பார்த்தால் அடுத்த ஊரின் கூரைகள் தெரிகின்றன. அங்கே காவல் கொட்டிலிலும் ஆள் இருப்பார். அப்படிப்பட்ட நிலத்துக்குப் பன்னிரண்டு போர் ஏற்றது, ரைபிள் ஏற்றதல்ல என்பதற்குக் காரணம் இந்த எண்கள்தான். வட அமெரிக்காவிலும் ஆள் நெருக்கமான பகுதிகள் சிலவற்றில் மான் வேட்டைக்கு ஷொட்கனை மட்டுமே அனுமதிக்கிறார்கள். விலங்குக்குப் பின்னால் மண்மேடோ சரிவோ இல்லையென்றால் சுடக் கூடாது.

நம் ஊரில் இது எங்கே நிற்கிறது

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதுவும் வைத்திருக்க முடியாது. புள்ளிமானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. எனவே காணொளியில் பார்க்கும் மான் வேட்டை இங்கே நடக்க முடியாத ஒன்று, நடக்கவும் வேண்டாம். ரைபிள், ரவை பற்றிய இந்த விளக்கமெல்லாம் அனுமதி உள்ள நாடுகளில் சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது.

ஆனால் ஒன்றை ஊரிலேயே உரக்கச் சொல்ல வேண்டும்: கட்டுத்துவக்கு. கம்பியில் எது தட்டுகிறதோ அதைச் சுடும் அந்தப் பொறி சட்டவிரோதமானது. இந்தக் கட்டுரையில் சொன்ன எதுவும் அதில் இல்லை. விலங்கு எது என்று பார்க்கும் கண் இல்லை, குறியிடம் இல்லை, பின்னால் என்ன இருக்கிறது என்ற கவனம் இல்லை. பன்றிக்கு வைத்தது சிறுத்தையின் காலையும் யானையின் காலையும் சிதைக்கிறது. காட்டுப் பாதையில் போன மனிதரின் முழங்காலையும் சிதைக்கிறது. பயிரழிவின் வேதனை எனக்கு விளங்குகிறது. ஒரு போகத்தின் உழைப்பை ஒரே இரவில் பன்றிக்குப் பறிகொடுத்தவருக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். அதற்காக வழியில் போகிறவரெல்லாம் பலியாக முடியாது.

சுடுவதற்கு முன்னும் பின்னும்

வெளிநாட்டில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் ரவை வாங்கும் காசில் பாதியைப் பயிற்சிக்கு ஒதுக்க வேண்டும். எந்த ரவையோடு வேட்டைக்குப் போவார்களோ அதே ரவையால் குறியைச் சரிபார்க்க வேண்டும். சன்னத்தின் நிறை மாறினால் படும் இடமும் மாறும். நோர்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வோராண்டும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீற்றர் தூரத்தில் ஒரு கலைமான் உருவம், ஐந்து வெடிகள், ஐந்தும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வு வைக்காத நாட்டில் இருப்பவரும் இதே அளவைத் தனக்குத்தானே வைத்துக்கொள்ளலாம்.

சுட்ட பிறகு, விலங்கு விழாமல் ஓடினால் உடனே பின்னால் ஓடக் கூடாது. துரத்தினால் அது இன்னும் தொலைவுக்குப் போகும். விட்டுவிட்டால் அருகிலேயே படுக்கும். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் இரத்தத்தைப் பார்க்கலாம். நுரையோடு கூடிய இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல். விலங்கு அதிக தூரம் போயிருக்காது. கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். பச்சை கலந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது பல மணி நேரம் காத்திருந்தே தேட வேண்டும், ஆனால் தேடாமல் விடக் கூடாது. நோர்வேயில் மூஸையும் மானையும் வேட்டையாடுகிறவர், காயப்பட்ட விலங்கைத் தேடப் பழக்கிய, அங்கீகாரம் பெற்ற நாய் ஒன்று கிடைக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.